மறுகால் பாய்ந்த ஆண்டு

ஊரை மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்டினால் சாதாரண மனிதர்கள் வருத்தப்படுவார்கள். ஹார்த்வாட்டர்க்காரர்களும் ஸ்கெல்மியர்க்காரர்களும் அப்படிப்பட்ட சாதாரண மனிதர்கள் அல்ல. நூறு மைல் தெற்கே இருக்கும் நகரத்துக்காரர்கள் தேநீர் போடவும் துணி துவைக்கவும் தண்ணீர் போதவில்லை என்று வந்தார்கள். மலையின் இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, இரண்டையும் அணை போட்டு அடைத்தார்கள். வீடு, தோட்டம், தேவாலயம், கல்லறை என்று எல்லாவற்றையும் தண்ணீருக்கடியில் அனுப்பிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்று முதல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சண்டைதான். நம் இருவரில் யாரை முதலில் மூழ்கடித்தார்கள்?

கம்பிரியா மலைகளில் வேறு நீர்த்தேக்கங்களும் இருக்கின்றன. அவற்றில் சில இவற்றைவிடப் பெரியவை, அழகானவை, மூத்தவையும்கூட. அந்தப் பேச்சை இங்கே யாரும் எடுப்பதில்லை. உலகத்தில் இருப்பவை இரண்டே நீர்த்தேக்கங்கள், அவற்றில் ஒன்று அண்ணன், மற்றது தம்பி. தம்பி எது என்பதில்தான் தகராறு.

இந்தப் போரில் ஹார்த்வாட்டர் தரப்புக்கு நாற்பது வருடமாகத் தளபதி இஸபெல் ரெல்ஃப். வயது அறுபத்தொன்று, கணவனை இழந்தவள், நானூற்றுப் பன்னிரண்டு செம்மறி ஆடுகளுக்கும் ஒரு மகளுக்கும் எஜமானி. பள்ளத்தாக்கு மூழ்கியபோது ரெல்ஃப் குடும்பம் கொஞ்சம் மேலே ஏறிப் புதிய வீடு கட்டிக்கொண்டு அதே மலையில் ஆடு மேய்த்தது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலேயே, இஸபெல் மாமனாரிடமிருந்து இந்தப் பகையைச் சீதனம்போலப் பெற்றுக்கொண்டாள்.

மாமனார் வில்ஃப்ரட் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1951ஆம் வருடம் ஸ்கெல்மியர்க்காரர்கள் தங்கள் அணைக்குப் பக்கத்தில், அது முதன்முதலாக நிரம்பி வழிந்த வருடத்தைக் குறிக்க, 'மறுகால் பாய்ந்தது 1896' என்று வெட்டி ஒரு கல் நட்டார்கள். ஒரே மாதத்தில் ஹார்த்வாட்டரில் அதைவிட ஓர் அடி உயரமான கல் எழுந்தது. அதில் 'மறுகால் பாய்ந்தது 1894' என்று இருந்தது. எப்படி இவ்வளவு திட்டமாகத் தெரிந்தது என்று கேட்ட பாதிரியாரிடம், தொண்ணூற்றாறுக்கு முன்னால் எந்த வருடமானாலும் சரிதான் என்று வில்ஃப்ரட் சொன்னாராம். பாதிரியாரும் ஹார்த்வாட்டர்க்காரர்தான். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் இஸபெல் அந்த எண்களுக்குப் பொன்வண்ணம் பூசுவாள். 1994இல் அதற்கும் ஒரு படி மேலே போனாள். நீர்த்தேக்கத்துக்கு நூறாண்டு விழா எடுத்தாள். ஊதுகுழல் வாத்தியக் குழு, பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம், அணையின் வடிவத்தில் ஒரு கேக். அணையையும் மலையையும் வைத்திருக்கும் தண்ணீர் நிறுவனத்திலிருந்து நில அதிகாரியைத் தலைமை தாங்க அழைத்தாள். அவரும் வந்து, அணையின் இடது முனையில் கத்தியை வைத்து வெட்டி, வாய் நிறையச் சாப்பிட்டு, நூறு ஆண்டு என்பது சாதாரணமா என்று பேசிவிட்டுப் போனார். மறுநாள் பத்திரிகையில் கல்லுக்குப் பக்கத்தில் இஸபெல் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வந்தது. ஸ்கெல்மியர்க்காரர்கள் அன்றைக்குப் பத்திரிகை வாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, அக்டோபரில், அதே படம் நிறுவனத்தின் கடிதம் ஒன்றோடு திரும்பி வந்தது.

கடிதத்தை மகள் ஹேஸல்தான் படித்தாள். முப்பத்திரண்டு வயது, கல்யாணத்தைவிட ஆடுகள் தொந்தரவு குறைவு என்று கண்டுபிடித்தவள். அவள் படித்து முடித்துவிட்டு நேராகப் போய், அப்பா எட்வின் பத்திரங்களைப் 'பத்திரமாக' வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். எட்வின் செத்து மூன்று வருடம். அவன் உயிரோடு இருந்தபோதும் அந்த டப்பாவை யாரும் திறந்ததில்லை. மேலே பழைய விதைப் பட்டியல்கள், அவற்றுக்குக் கீழே நாய்க்கு ஊசி போட்ட சீட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ரெல்ஃப் குடும்பத்தின் குத்தகைப் பத்திரம்.

அதில் எழுதியிருந்தது ரொம்ப எளிமையானது. அணையில் முதன்முதலாக மறுகால் பாயும் நாளிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மலையும் வீடும் மந்தையும் ரெல்ஃப் குடும்பத்தின் குத்தகையில் இருக்கும். அந்த நூறு ஆண்டுகள் முடிவதற்குள் எழுத்தில் கேட்டால் இன்னொரு நூறு ஆண்டு தர வேண்டும், தரமாட்டேன் என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை இல்லை. கேட்காமல் நாள் கடந்தால் எல்லாம் நிறுவனத்துக்கு. கடிதம் சொன்னதும் இதைத்தான். மறுகால் பாய்ந்தது 1894, நூறு ஆண்டு 1994இல் முடிந்தது, நீங்களே விழா எடுத்திருக்கிறீர்கள், வாழ்த்துக்கள், மார்ச் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யவும்.

மார்ச் கடைசி என்றால் ஆடுகள் குட்டி போடுவதற்கு மூன்று வாரம் முன்பு. தேதி குறித்தவன் பாலைப் புட்டியில் மட்டுமே பார்த்தவனாக இருக்க வேண்டும்.

ஆட்டையாவது ஓட்டிக்கொண்டு போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இந்த மலையில் வேலி கிடையாது. தாய் எந்தச் சரிவில் மேய்ந்ததோ அதே சரிவில் குட்டி மேயும், அதன் குட்டியும் மேயும். வேறு இடத்துக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோனால், சுவர் ஏறிக் குதித்து, சாலை கடந்து, திரும்பி நடந்தே வந்துவிடும். ஆகவே பண்ணை கைமாறினால் மந்தை மலையோடு இருக்கும், மனிதர்கள்தான் மூட்டை கட்ட வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். அப்படி இருக்கப்போகும் மந்தையைக்கூட நிறுவனம் வைத்துக்கொள்வதாக இல்லை. ஆட்டை இறைச்சிக்கு அனுப்பிவிட்டு, மலை முழுக்க ஊசியிலை மரம் நடப்போவதாகக் கடிதத்தின் கடைசிப் பத்தி மகிழ்ச்சியுடன் தெரிவித்தது.

அடுத்த வாரம் நில அதிகாரி கிளைவ் ஆஷ்வொர்த் நேரில் வந்தார். கேக் வெட்டிய அதே ஆள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வருத்தப்படுகிற முகத்தோடு சமையலறையில் உட்கார்ந்தார். அந்த முகத்தை வேலையில் சேரும்போதே கொடுத்திருப்பார்கள் என்று இஸபெலுக்குத் தோன்றியது.

தொண்ணூற்று நாலில் மறுகால் பாயவில்லை என்று அவள் சொன்னாள். 

"நூறாண்டு விழாவ நீங்கதானே கொண்டாடினீங்க, மிஸஸ் ரெல்ஃப்? கேக் வெட்டினது நான்."

"வெட்டினதோட விட்டீங்களா, நாலு துண்டு சாப்பிட்டீங்க."

"நல்லா இருந்துச்சு. அதனாலதான் ஞாபகம் இருக்கு. சரி, தொண்ணூத்தி நாலு இல்லன்னா எப்ப?"

 நிறுவனத்தின் ஆவணம் என்ன சொல்கிறது என்று ஹேஸல் கேட்டாள். 1963இல் தலைமை அலுவலகத்தில் குழாய் வெடித்துக் கீழ்த்தட்டுக் கோப்புகள் எல்லாம் ஊறிக் கூழாகிவிட்டன, அவற்றில் ஹார்த்வாட்டரும் ஒன்று என்றார் ஆஷ்வொர்த். தண்ணீர் நிறுவனத்தின் ஆவணம் தண்ணீரில் போனதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. நம்பத் தகுந்த வேறு சான்று இருந்தால் கொண்டுவரலாம், இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது கல் என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது சன்னல் வழியாக அந்தக் கல்லைப் பார்த்து, பராமரிப்பு பிரமாதம் என்று பாராட்டினார்.

ஹேஸல் கார்லைல் நகர நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டினாள். 1894 மே மாதத்தில் நகர மேயர் வந்து அணையைத் திறந்துவைத்திருந்தார். அவர் பதவிக்காலம் அடுத்த மாதம் முடிவதாக இருந்தது, அதற்குள் எதையாவது திறக்க வேண்டியிருந்தது. விருந்தில் பரிமாறிய ஏழு வகை உணவுக்கும் பத்திரிகையில் பெயர் இருந்தது. அணையில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு எந்த வருடம் நிரம்பியது, எப்போது மறுகால் பாய்ந்தது என்பதற்கு எந்தப் பத்திரிகையும் ஆள் அனுப்பவில்லை. மேயர் வராத இடத்துக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்?

"அம்மா, இனி ஒரே ஒரு இடந்தான் பாக்கி" என்றாள் ஹேஸல்.

எந்த இடம் என்று இஸபெலுக்குக் கடிதம் வந்த அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் பத்து நாளாக வேறெல்லா இடத்திலும் தேடிக்கொண்டிருந்தாள்.

வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை, இரண்டு பள்ளத்தாக்கு ஆட்டுக்காரர்களும் கூடுவார்கள். மலை தாண்டி வழிதவறி வந்த ஆடுகளை அவரவர் கொண்டுவந்து, சாய அடையாளமும் காதில் வெட்டிய குறியும் பார்த்து உரியவரிடம் ஒப்படைப்பார்கள். கூட்டத்தின் செயலாளர் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதுவார். யாருடைய ஆடு, எத்தனை, கடைசியில் காரணம். காரணம் எழுதாமல் விட்டால் கூட்டம் ஒப்புக்கொள்ளாது. பனி, சுவர் இடிந்தது, நாய் துரத்தியது, மேய்ப்பனுக்குக் கல்யாணம், மேய்ப்பன் குடி என்று நூற்றைம்பது வருடத்து மானக்கேடுகள் அந்தப் புத்தகங்களில் வரிசையாக இருக்கின்றன. அணை நிரம்பி மந்தையின் பாதை மூழ்கிய வருடத்தில் ஆடுகள் நிச்சயம் வழிதவறியிருக்கும். காரணமும் எழுதப்பட்டிருக்கும்.

செயலாளர் பதவி மூன்று தலைமுறையாக ஸ்கெல்மியர் மௌன்சி குடும்பத்தில் இருக்கிறது. இப்போதைய செயலாளர் ஜாஸ்பர் மௌன்சி, எழுபது வயது, எதிர்த்தரப்புத் தளபதி. மேயர் சாப்பிட்டுவிட்டுப் போனதெல்லாம் கணக்கில் வராது, மறுகால் பாய்ந்த நாள்தான் அணைக்குப் பிறந்தநாள், அப்படிப் பார்த்தால் எங்களுடையதே மூத்தது என்று நாற்பது வருடமாகச் சொல்லி வருபவர். புத்தகத்தைக் காட்டு என்றால் மட்டும், அந்தக் காலத்துப் புத்தகத்தை எலி தின்றுவிட்டது என்பார்.

இஸபெல் வண்டியை எடுத்துக்கொண்டு கணவாய் தாண்டிப் போனாள். ஜாஸ்பர் முற்றத்தில் ஒரு கடாவைக் குண்டியில் உட்காரவைத்து, முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குளம்பு சீவிக்கொண்டிருந்தார். வந்தது யார் என்று பார்த்துவிட்டு மீண்டும் குளம்பைப் பார்த்தார்.

"வழிதவறி வந்துட்டியா? கூட்டத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்கே."

"எண்ணூத்தி எண்பதுலேருந்து தொள்ளாயிரத்தி அஞ்சு வரைக்கும் இருக்கற புத்தகம் வேணும், ஜாஸ்பர்."

"அத எலி தின்னுடுச்சுன்னு எத்தன தடவ சொல்றது?"

"எலிய எனக்குத் தெரியும். எழுபது வயசு, முட்டி வலி."

கடா மட்டும் கொஞ்சம் அசைந்தது. ஜாஸ்பர் ஏன் என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பத்திரம், கேக், மார்ச், மரம், எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே தன் மேல் ஆத்திரமாக வந்தது. பொய்யான வருடத்துக்கு இத்தனை வருடம் பொன்வண்ணம் பூசியதற்குப் பதிலாக ஒருநாள் அந்த டப்பாவைத் திறந்திருக்கலாம். ஜாஸ்பர் நான்காவது குளம்பையும் சீவி முடித்துக் கடாவை எழுப்பிவிட்டார்.

"அப்ப உனக்கு எந்த வருஷம் வேணும்?"

"தொண்ணூத்தாறு நவம்பருக்கு அப்புறம் எதுவானாலும் சரி. அப்பதான் நூறு வருஷம் இன்னும் முடிஞ்சிருக்காது."

மாமனார் சொன்னதைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஜாஸ்பருக்கு வேறொன்று உறைத்தது. அவர் முகத்தில் வெயில் அடித்த மாதிரி ஒரு சிரிப்பு பரவியது.

"அப்படின்னா எங்களுதுதான் மூத்ததுன்னு ஆகுதே."

"ஆகுதுதான்."

"இத ஆட்டுக்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? கூட்டத்துல சொல்லு. பெஞ்சு மேல ஏறி, ரெண்டு ஊர்க்காரனும் கேக்கற மாதிரி, ஹார்த்வாட்டர் ஸ்கெல்மியரவிட இளசுன்னு சொல்லு. எலி தின்னத வெளிய எடுக்க முடியுதான்னு அப்புறம் பாக்கறேன்."

"நீ மனுஷனா ஜாஸ்பர்?"

"செயலாளர்" என்றார் அவர்.

ஒரு வரிதானே அம்மா என்றாள் ஹேஸல், அன்று மாலை. பண்ணைக்கு ஒரு வரி, கொடுத்துவிட்டுப் போவோம். கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதற்காக இஸபெல் எத்தனை கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறாள், எத்தனை சாவு வீட்டில் குரலை உயர்த்தியிருக்கிறாள் என்பது ஹேஸலுக்குத் தெரியாது. எட்வினை அடக்கம் செய்த அன்றுகூட, கைகுலுக்க வந்த ஜாஸ்பரிடம் வருத்தத்துக்கு நன்றி சொல்லிவிட்டு, அதே மூச்சில் தொண்ணூற்று நாலு என்று சொன்னவள் அவள்.  அந்த மூன்று வாரமும் விடிந்ததும் சரிவில் ஏறி ஆடுகளைப் பார்ப்பாள். நூறு வருடத்துக்கு முன்னால் அவற்றின் பாட்டிகள் நின்ற அதே பாறைக்குப் பக்கத்தில் அவை நின்று மென்றுகொண்டிருக்கும். மார்ச் மாதத்தைப் பற்றி அவற்றுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை.

கூட்டம் கணவாயின் உச்சியில் இருக்கும் பப்பில்தான் எப்போதும் நடக்கும். அது இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத இடம், ஆகவே இரண்டு ஊரும் சமமாகக் குறை சொல்லும் இடம். வெளியே கல் பட்டிகளில் வழிதவறிய ஆடுகள் நின்றன. ரெல்ஃப் ஆடுகளுக்கு விலாவில் சிவப்புக் கோடு, மௌன்சி ஆடுகளுக்குத் தோளில் நீலத் திட்டு. உள்ளே ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த பெரிய சட்டி, ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை, எழுபது பேர். ஆஷ்வொர்த்தும் வந்திருந்தார். சான்று இருக்கிறது என்று ஹேஸல் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். பாலிஷ் போட்ட காலணியோடு மூலையில் நின்ற அவருக்கு யாரோ ஒரு தட்டைக் கொடுத்தார்கள். சாப்பாட்டை அவர் இந்த முறையும் மறுக்கவில்லை.

ஆடுகளை ஒப்படைத்து முடிந்ததும் ஜாஸ்பர் பேனாவை மூடினார். வேறு ஏதாவது உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார். அப்படிக் கேட்டதும் எல்லோரும் எழுந்து பீர் வாங்கப் போவதுதான் வழக்கம். இஸபெல் பெஞ்சின் மேல் ஏறினாள்.

"எனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு" என்றாள். குரல் சன்னமாக வந்தது. மறுபடி ஆரம்பித்தாள். "ஹார்த்வாட்டர் ஸ்கெல்மியரவிட இளசு. கல்லுல வெட்டியிருக்கறது பொய். ஜாஸ்பர் சொன்னதுதான் சரி."

ஹார்த்வாட்டர்க்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய சொந்த மச்சினன் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். ஸ்கெல்மியர் பக்கம் ஒரு கணம் நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு மேசைகளைத் தட்டத் தொடங்கியது. தட்டல் நிற்கவே இல்லை. ஜாஸ்பர் எழுந்திருக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, குவளையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக ஒரு மடக்கு குடித்தார். ராஜா மாதிரி இருந்தார். அந்த மூஞ்சியில் எதையாவது எறியலாமா என்று இஸபெலுக்கு இருந்தது. கீழே இறங்கியபோது ஹேஸல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஜாஸ்பர் நாற்காலிக்கு அடியிலிருந்து மாவுப் பை ஒன்றை எடுத்தார். பைக்குள் எண்ணெய்த் துணி, துணிக்குள் புத்தகம். ஓரத்தில்கூட ஒரு எலிப்பல் பட்டிருக்கவில்லை. பக்கத்தைப் பிரித்து ஆஷ்வொர்த்திடம் நீட்டினார். ஆஷ்வொர்த் தட்டை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, உரக்கப் படித்தார். 1897, நவம்பர் 20. ஹார்த்வாட்டர் ரெல்ஃப், நாற்பத்துமூன்று ஆடுகள். காரணம், செவ்வாயன்று அணையில் முதன்முதலாக மறுகால் பாய்ந்தது, கீழ்ப்பாதை தண்ணீருக்குள் போனது, ஆடுகள் முகடு ஏறி இந்தப் பக்கம் இறங்கின.

தொண்ணூற்றேழு. இன்னும் ஒரு வருடம் முழுசாக இருக்கிறது. ஹேஸல் அம்மாவின் கையை நசுக்கினாள்.

ஆஷ்வொர்த் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எழுதியது யார் என்று கேட்டார். ஜாஸ்பரின் தாத்தா. அவர் ஸ்கெல்மியர்க்காரர்தானே? ஆமாம். ஆஷ்வொர்த் தலையை ஆட்டினார், வேலையில் கொடுத்த வருத்த முகத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மன்னிக்கணும். ஹார்த்வாட்டர் இளசுன்னு சாதிக்கற குடும்பம், அவங்களே வச்சிருக்கற புத்தகம், அதுல ஹார்த்வாட்டர் இளசுன்னு ஒரு வரி. இத்தன வருஷம் எலி தின்னுடுச்சுன்னு வேற சொன்னீங்களாமே. எங்க வக்கீல் இத ஒரு நிமிஷங்கூட ஏத்துக்க மாட்டார்."

புத்தகத்தை மூடினார். மேசைத் தட்டல் எப்போதோ நின்றிருந்தது.  சொல்லக்கூடாததைச் சொல்லியாகிவிட்டது, பண்ணையும் போயிற்று. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் இழப்பதற்குத் தனித் திறமை வேண்டும். மேல்கோட்டை எடு, போகலாம் என்று இஸபெல் மகளிடம் சொன்னாள்.

ஜாஸ்பர் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் பாதி பீர் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வாக்குக் கொடுத்தபடி புத்தகத்தைக் கொடுத்தாகிவிட்டது, நம்பாதது நிறுவனம். ஸ்கெல்மியர்தான் மூத்தது என்பது எழுபது பேர் முன்னால், எதிரியின் வாயாலேயே முடிவாகிவிட்டது.

"ஸ்கெல்மியர் கோப்பு உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றார் ஆஷ்வொர்த். அது மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை என்பது ஆஷ்வொர்த்துக்குத் தெரிய நியாயமில்லை.

"அப்ப இந்தப் புத்தகத்துல நூத்திப் பதினாலாம் பக்கத்தப் படிங்க" என்றார் ஜாஸ்பர். "வேணாம், நானே சொல்றேன். எனக்குப் பாக்காமலே தெரியும். தொள்ளாயிரத்தி ஒண்ணு. மௌன்சி, இருபத்தாறு ஆடு. காரணம், ஸ்கெல்மியர் அணையில முதல் தடவையா மறுகால்."

ஆஷ்வொர்த் பக்கத்தைத் தேடிப் பிடித்து, விரல் வைத்துப் படித்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, நவம்பர். கோப்பை நான் பார்த்திருக்கிறேன், அதிலும் அதே வருடம், அதே மாதம்தான் என்றார். தன் ஊருக்கு எதிராகவும் உள்ளதை உள்ளபடி எழுதிய ஆள் அடுத்த ஊரைப் பற்றி மட்டும் ஏன் பொய் எழுதப்போகிறான், இதை வக்கீல் ஒப்புக்கொள்வார் என்று சொன்னார். இதைச் சொன்னபோது அவர் முகம் முதன்முறையாக அவருடைய சொந்த முகமாக இருந்தது.

அதற்குள் பப் முழுவதும் கணக்குப் போட்டு முடித்திருந்தது. எதிர்பார்த்தபடி முதல் சிரிப்பு ஹார்த்வாட்டர் பக்கமிருந்து கிளம்பியது. ஆனால் பெரிய சிரிப்பு ஸ்கெல்மியர் பக்கமிருந்துதான் வந்தது. சொந்த ஊர்க்காரன் கவிழ்வதைப் பார்ப்பதில் இருக்கும் சுகம் எதிரி கவிழ்வதில் கிடைப்பதில்லை. அஞ்சு வருஷத்தக் கூசாம முழுங்கிட்டியே, எலியவிடப் பெரிய வாய்டா உனக்கு என்று எவனோ கத்தினான். ஜாஸ்பரின் காது மடல்கள் சிவந்துபோயின. அவர் அப்படியே உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், அந்தப் பாதி பீரைக் குடித்து முடித்தார்.

எழுத்தில் கேட்க வேண்டுமே என்றார் ஆஷ்வொர்த். ஹேஸல் தயாராக எழுதிவைத்திருந்த விண்ணப்பத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். மூன்று வாரமாக அதை அங்கேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். இஸபெல் கறிச்சட்டியை நகர்த்திவிட்டு, மேசை ஈரத்தைக் கையால் துடைத்து, இன்னொரு நூறு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு ஒருவர் வேண்டும், குடும்பத்தில் இல்லாதவராக இருந்தால் நல்லது என்றார் ஆஷ்வொர்த். அவள் தேடவே இல்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராகப் போய் ஜாஸ்பர் முன்னால் வைத்தாள்.

இந்த நாளுக்காக நாற்பது வருடமாக அவள் எத்தனையோ வசனங்களைத் தயாராக வைத்திருந்தாள். தம்பி, அண்ணனுக்கு வணக்கம் சொல்லு. வயசுக்கு மரியாதை கொடு. நாலு வருஷம் சின்னவன் நாலடி தள்ளி நிக்கணும். எல்லாம் கூர்தீட்டிய வசனங்கள், எல்லோரும் காத்துக்கொண்டும் இருந்தார்கள். ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை.

"எதுக்கு இப்படிப் பண்ணின?" என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டாள். "வாய மூடிட்டு இருந்திருந்தா நீதான ஜெயிச்சிருப்ப?"

ஜாஸ்பர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடினார்.

"அவன் அங்க மரம் நடுவானாம்" என்றார். "மரம் வழிதவறி வருமா? வருஷா வருஷம் நவம்பர்ல நான் இங்க உக்காந்து யாரோட ஆட்ட எழுதறது? யாரோட சண்ட போடறது?"

கையெழுத்துப் போட்டார். தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஜெயிச்ச அந்த மூணு நிமிஷம் நல்லாத்தான் இருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

 வாயைத் திறந்தால் இஸபெல் அழுதுவிடுவாள். ஸ்கெல்மியர்க்காரன் முன்னால் அழ அவளால் முடியாது. தாளை நான்காக மடித்துக்கொண்டு, ஆட்டை ஏற்ற வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு, வேகமாக வெளியே போனாள்.